ஆகாயத்தாமரைக்குச் சோறு போடுவது யார்?

ஊட்டி ஏரியில் ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் குவிப்பதை மலைக்காரர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். அள்ளிய பிறகு சில மாதம் தண்ணீர் தெரியும். அப்புறம் ஓரங்களில் தொடங்கி மறுபடியும் பச்சை மூடிக்கொள்ளும். கூலி, இயந்திர வாடகை, லாரி வாடகை என்று செலவழித்த பணமெல்லாம் போய்விடும். செடி திரும்பி வந்துவிடும். அது ஏன் திரும்பி வருகிறது என்பது புரிந்துவிட்டால், குன்னூர் வட்டாரத்து ஜெகதளா போன்ற ஒரு ஊரின் பக்கத்திலிருக்கும் சின்னக் குட்டையையோ தடுப்பணையையோ எப்படிக் காப்பாற்றுவது என்பதும் புரிந்துவிடும்.

வெங்காயத்தாமரை என்றும் சொல்லப்படும் இந்தச் செடியின் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான் வடிநிலம். ஊதா நிறப் பூவின் அழகுக்காகத் தோட்டக் குளங்களில் வளர்க்க உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்கு வந்தது. நாற்பது ஆண்டுக்குள் அங்கே ஆறுகளையும் நெல்வயல்களையும் அடைத்துவிட, 1936இல் அதை ஒழிப்பதற்கென்றே தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று. இலங்கையில் அதற்கும் முன்னாலேயே, 1909இல், இதே செடிக்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது. நூறு ஆண்டுக்கு மேலாகச் சட்டம் போட்டும் கூலி கொடுத்தும் மனிதர்கள் இதோடு போராடிக்கொண்டிருக்கிறார்கள் என்றால், அதன் பெருகும் வேகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஆகாயத்தாமரைக்கு விதையும் உண்டு, பக்கக்கன்றும் உண்டு. தாய்ச்செடியிலிருந்து ஒரு தண்டு தண்ணீருக்கு மேலாகவே ஓடி, நுனியில் இன்னொரு செடியாகிவிடும். வெதுவெதுப்பான, சத்து நிறைந்த தண்ணீரில் ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பரப்பு இரட்டிக்கும். ஒரு செடி பத்து முறை இரட்டித்தால் 1,024 செடி. இதிலிருந்து நமக்குத் தேவையான கணக்கு ஒன்று உண்டு. குட்டையில் எட்டில் ஒரு பங்கு மூடியிருக்கும்போது, “ஓரமாகத்தானே இருக்கிறது” என்றுதான் தோன்றும். அங்கிருந்து முழுக்க மூட மூன்று இரட்டிப்பு போதும். அதனால் ஓரத்தில் ஒரு கைப்பிடி தெரிகிற நாள்தான் வேலையைத் தொடங்க வேண்டிய நாள். அன்றைக்கு இரண்டு பேர் ஒரு காலை நேரத்தில் முடித்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து அதே வேலைக்கு ஊரே கூட வேண்டும்.

மலையில் குளிர் நமக்குத் துணை. 25 முதல் 30 டிகிரி வெப்பம்தான் இந்தச் செடிக்கு மிகவும் பிடித்தது. பத்து, பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுந்தால் இலையெல்லாம் கருகிப் பழுப்பாகிவிடும். அதைப் பார்த்துச் செடி செத்துவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. இலைகளுக்கு அடியில் தண்ணீருக்குள் இருக்கும் தண்டுக்கிழங்கின் குருத்து உறையாதவரை செடிக்கு உயிர் இருக்கிறது. பனி விட்டு, ஏப்ரலில் வெயிலும் கோடை மழையும் சேர்ந்து வரும்போது அது துளிர்க்கும். பனிக்காலம் நமக்குக் கொடுப்பது அவகாசம் மட்டும். அந்த அவகாசத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அதன் சாப்பாடு. மண்ணில் வேர்விடாமல் மிதக்கும் இந்தச் செடி, தனக்கு வேண்டிய தழைச்சத்து, மணிச்சத்து எல்லாவற்றையும் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. சுத்தமான ஊற்றுத் தண்ணீரில் விட்டால் மஞ்சளடித்து, சின்னதாக, ஏதோ பேருக்கு நிற்கும். சாக்கடைத் தண்ணீரில் விட்டால் முழங்கால் உயரத்துக்கு எழும்பும். ஆகவே ஒரு ஏரி முழுக்க ஆகாயத்தாமரை கொழித்திருக்கிறதென்றால் அந்த ஏரிக்குள் யாரோ நாள் தவறாமல் உரம் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள்.

ஊட்டி ஏரியில் அது யார் என்பது ஊரறிந்த விஷயம். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1823இல் தொடங்கி, மலை ஓடைகளைத் தடுத்து உருவாக்கிய ஏரி அது. அன்று இருந்த பரப்பில் ஒரு பகுதி பிறகு பஸ் ஸ்டாண்டாகவும் ரேஸ்கோர்ஸாகவும் பூங்காவாகவும் மாறிவிட்டது. மிச்சமிருக்கும் ஏரிக்கு நகரத்தின் நடுவே வரும் கோடப்பமந்து கால்வாய்தான் முக்கிய வரத்து. வீடுகள், விடுதிகள், கடைகளின் கழிவுநீர் பல பத்தாண்டுகளாக அந்தக் கால்வாய் வழியாகத்தான் ஏரிக்கு வந்து சேர்கிறது. சீசனில் லட்சக்கணக்கில் ஆட்கள் வந்து தங்கிப் போகிற ஊரில் அது எவ்வளவு சத்து என்று எண்ணிப் பாருங்கள். மேலே செடியை அள்ளிக்கொண்டே, கீழே வரத்துக் கால்வாயைத் திறந்துவிட்டிருந்தால் வேலைக்கு முடிவே கிடையாது.

இதற்கு நேர்மாறான ஓர் அனுபவம் ஆப்பிரிக்காவில் கிடைத்தது. சாம்பேசி ஆற்றில் கட்டிய கரீபா அணை 1950களின் கடைசியில் நிரம்பத் தொடங்கியபோது, மூழ்கிய காட்டு நிலத்திலிருந்து சத்தெல்லாம் தண்ணீரில் கரைந்தது. சால்வினியா என்ற மிதக்கும் பெரணி அதில் பெருகி, 1962இல் ஏரிப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கை மூடிவிட்டது. அவ்வளவு பெரிய பரப்பை அள்ளுவது யாராலும் ஆகிற காரியமில்லை. ஆனால் கரைந்த சத்து தீரத் தீர, செடியும் தானாகக் குறைந்துபோனது. சாப்பாடு குறைந்தால் செடி குறையும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

இப்போது ஜெகதளா பக்கம் வருவோம். 1860க்கு முன்பு வெலிங்டன் படைமுகாமுக்கே இந்த ஊரின் பெயர்தான் வழங்கியது. அவ்வளவு பழைய ஊர். சரிவில் தேயிலை, பள்ளத்தில் ஓடை, ஓடையை ஒட்டிக் கொஞ்சம் காய்கறித் தோட்டம், மேலே வீடுகள். குன்னூர் வட்டாரத்தின் பெரும்பாலான ஹட்டிகளுக்கு, அதாவது படகர் ஊர்களுக்கு, இதுதான் அமைப்பு. இங்கே பெரிய ஏரி இல்லை. எஸ்டேட் குட்டைகள், குடிநீருக்காகத் தடுத்த சிறு அணைகள், சதுப்பு நிலங்கள் இவைதான் நீர்நிலை. அளவு சின்னது என்பது நமக்கு நல்லது. ஒரு குட்டைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரே நாளில் நடந்து பார்த்துவிடலாம்.

அப்படி நடக்கும்போது குட்டையிலிருந்து ஓடையைப் பிடித்து மேலே ஏறுங்கள். எந்த வீட்டுக் கழிப்பறைத் தொட்டியின் கசிவு ஓடையில் இறங்குகிறது, துணி துவைக்கும் தண்ணீர் எங்கே போகிறது, மாட்டுக்கொட்டகை கழுவிய தண்ணீர் எங்கே போகிறது, எந்தத் தோட்டத்தில் ஓடைக் கரைவரை கொத்தியிருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். தேயிலைக்கு மழையை ஒட்டித்தான் உரம் போடுகிறோம். போட்ட அன்றே கனமழை பிடித்துக்கொண்டால் யூரியாவில் ஒரு பங்கு செடிக்குப் போகாமல் ஓடைக்குப் போய்விடும். கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்ட சரிவில் மண்ணே கரைந்து வரும். மணிச்சத்து மண்ணோடு ஒட்டிக்கொண்டுதான் பயணம் செய்கிறது. குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை என்பதால், ஐப்பசி கார்த்திகையில் வரும் கலங்கல் தண்ணீர்தான் அடுத்த ஆண்டுச் செடிக்கு மூலதனம்.

தடுக்கும் வழிகள் எளியவைதான். சம்மதம் வாங்குவதுதான் கடினம். ஓடையின் இரு கரையிலும் சில மீட்டர் அகலத்துக்குக் கொத்தாமல் புல்லும் புதரும் விட்டுவைத்தால் மண்ணும் உரமும் பெருமளவு அங்கேயே நின்றுவிடும். உரத்தை ஒரே தடவையாகக் கொட்டாமல் பிரித்துப் போடலாம். கனமழை வரும் என்று அறிவிப்பு இருந்தால் தள்ளிப்போடலாம். குட்டைக்குத் தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு சிறிய வண்டல் குழி வெட்டி, ஆண்டுக்கு ஒருமுறை அதைத் தூர்வாரலாம். கழிவுநீர் விஷயம் தனி வீட்டுக்காரரால் மட்டும் ஆகாது. செங்குத்தான சரிவில் கண்ட இடத்தில் உறிஞ்சுகுழி வெட்டினால் மண்சரிவு ஆபத்தும் உண்டு. எனவே அதைப் பேரூராட்சியிடம் கேட்டுப் பெற வேண்டும். விடாமல் கேட்க வேண்டும். மண்காப்பு யோசனைக்கு ஊட்டியில் மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மண், உர யோசனைக்குக் குன்னூரில் தோட்ட உரிமையாளர் சங்கமான உபாசியின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

அடுத்து, பிடுங்குவதற்கு முன் எது களை என்று தெரிய வேண்டும். பச்சையாக இருப்பதையெல்லாம் வாரிவிட்டால் குட்டைக்குக் கேடு. கோரையும் சம்பும் நம் மண்ணுடையவை. ஓரத்தில் அளவாக நின்றால் வரும் தண்ணீரின் சத்தை அவையே கொஞ்சம் வடிகட்டும், தவளைக்கும் தும்பிக்கும் இடம் கொடுக்கும். வேலம்பாசியும் நம்முடையதுதான், மிஞ்சினால் மட்டும் குறைத்தால் போதும். அயலிலிருந்து வந்து அடைப்பவை வேறு. ஆகாயத்தாமரையையும் சால்வினியாவையும் பார்த்தவுடன் எடுத்துவிட வேண்டும். மலைச் சதுப்புகளில் இன்னும் இரண்டு செடிகளைக் கவனியுங்கள். ஒன்று லுட்விஜியா: ஆள் உயரத்துக்கு மேல் புதராக வளர்ந்து மஞ்சள் பூப் பூப்பது, தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. வால்பாறையிலும் நீலகிரியிலும் வயல்களையும் சதுப்புகளையும் அடைத்து, காட்டு விலங்குகளின் கோடைக்கால மேய்ச்சலைக் கெடுத்துக்கொண்டிருப்பது இதுதான். வெட்டிப் போட்ட துண்டும் ஈரத்தில் வேர்விடும். மற்றது பூங்கொத்துக்குப் பறிக்கிற வெள்ளைக் காலா லில்லி. தென்னாப்பிரிக்காவின் செடி, ஓடையோரத்தில் கிழங்கோடு பரவிவிட்டால் வேறெதையும் முளைக்க விடாது. அழகாக இருக்கிறது என்று யாருக்கும் பிடுங்க மனம் வருவதில்லை. ஆகாயத்தாமரையும் அப்படித்தான் உலகம் சுற்றியது.

பொன்னாங்கண்ணி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. முதலைக்களை என்று சொல்லக்கூடிய ஒரு தென்னமெரிக்கச் செடி, பார்வைக்கு நம் பொன்னாங்கண்ணிபோலவே இருக்கும். ஆஸ்திரேலியாவில் குடியேறிய இலங்கைக் குடும்பங்கள் பல இதைப் பொன்னாங்கண்ணி என்று நம்பி வீட்டுத் தோட்டத்தில் வளர்த்துக் கீரையாகச் சமைத்தும் வந்தன. 1990களில் அது தெரியவந்தபோது அரசு வீடு வீடாகப் போய் அகற்றி, மாற்றாக வேறு கீரையை வளர்க்கச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. வேறுபாடு பூவில் தெரியும். பொன்னாங்கண்ணியின் வெள்ளைப் பூ இலைக் கக்கத்தில் காம்பில்லாமல் ஒட்டியிருக்கும். முதலைக்களையின் பூ நீளக் காம்பின் நுனியில் சிறு உருண்டையாக நிற்கும்; தண்டும் உள்ளே கூடாக இருக்கும். ஒரு கணு போதும், அது புதுச் செடி. இதை அறுத்தால் பெருகும். வேரோடு, துண்டு சிந்தாமல்தான் எடுக்க வேண்டும்.

அள்ளும் வேலைக்கு நல்ல காலம் ஹெத்தையம்மன் திருவிழா முடிந்த தை தொடங்கிப் பங்குனிக்குள். பனியில் வளர்ச்சி நின்றிருக்கும், தண்ணீர் இறங்கியிருக்கும், கோடை மழைக்கு முன்னால் முடித்துவிடலாம். நான் முன்னே சொன்ன அவகாசம் இதுதான். அதிகாலைப் பனியில் யாரையும் தண்ணீரில் இறக்க வேண்டாம். வெயில் ஏறிய பிறகு, கம்பூட்ஸும் கையுறையும் போட்டு, ஆழம் தெரிந்த இடத்தில் மட்டும், இடுப்பில் கயிறு கட்டி இறங்க வேண்டும். சேறு ஆளை இழுக்கும். கரையிலிருந்து கொக்கிக் கழியால் இழுக்க முடிந்ததை அப்படியே இழுத்துவிடுவது மேல். குட்டை யாருடையது என்று முதலில் விசாரித்து, பேரூராட்சியோ நீர்வளத் துறையோ வனத் துறையோ எஸ்டேட்டோ, அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். நீலகிரியில் பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தனியாக வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

முறை இதுதான். பிளாஸ்டிக் டிரம்மும் மூங்கிலும் கட்டி ஒரு மிதவைத் தடுப்புச் செய்து குட்டையைப் பகுதி பகுதியாகப் பிரியுங்கள். காற்று செடியை ஒரு கரைக்கு ஒதுக்கும்; அந்தக் கரையிலிருந்து தொடங்குங்கள். ஒரு பகுதி சுத்தமாகும்வரை தடுப்பை நகர்த்தாதீர்கள். தடுப்பில்லாமல் நடுவில் அள்ளினால், மாலைக்குள் காற்று மிச்சத்தை அங்கேயே கொண்டுவந்து விட்டுவிடும்.

எவ்வளவு எடை என்று தெரியாமல் இறங்கிய ஊர்கள்தான் பாதியில் விட்டுவிடுகின்றன. அடர்ந்த இடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 30 முதல் 50 கிலோ ஈரச்செடி இருக்கும். ஒரு ஏக்கரென்றால் 120 முதல் 200 டன். அதில் 95 சதவீதம் வெறும் தண்ணீர்தான். அதனால் அள்ளியதை உடனே லாரியில் ஏற்றித் தண்ணீருக்கு வாடகை கொடுக்க வேண்டாம். கரைக்கு மேலே, வடியும் தண்ணீர் குட்டைக்குத் திரும்பாத ஓரிடத்தில் பரப்பி ஒரு வாரம் வாடவிட்டால் எடை பெரிதும் குறைந்துவிடும். ஆனால் அங்கேயே விட்டுவிடக் கூடாது. செடி தண்ணீரிலிருந்து உறிஞ்சிய சத்தெல்லாம் அதன் உடம்பில் இருக்கிறது. கரையில் அழுகவிட்டால் முதல் மழை அத்தனையையும் குட்டைக்கே திருப்பிக் கொடுத்துவிடும். ஊர் ஊராக நடக்கும் தவறு இதுதான். அள்ளியதை அப்புறப்படுத்துவது என்பது குட்டையிலிருந்து உரத்தை வெளியே எடுப்பதும்தான்.

வாடிய செடியை நறுக்கி, மாட்டுச் சாணமும் காய்ந்த சருகும் அடுக்கடுக்காகப் போட்டு மூடினால் இரண்டு, மூன்று மாதத்தில் எரு. மலைக் குளிரில் இன்னும் கொஞ்சம் கூடுதல் நாள் பிடிக்கும். குவியல் நன்றாகச் சூடேற வேண்டும். சூடேறாத எருவில் விதை உயிரோடு இருக்கும். ஒரு முக்கியமான விலக்கு: நகரக் கழிவுநீரோ பட்டறைக் கழிவோ கலக்கும் ஏரியிலிருந்து எடுத்த செடியில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் சேர்ந்திருக்கலாம். ஆகாயத்தாமரைக்கு அவற்றை உறிஞ்சிச் சேர்த்துவைக்கும் குணம் உண்டு. அந்த எருவைச் சோதித்துப் பார்க்காமல் காய்கறிக்குப் போட வேண்டாம்.

களைக்கொல்லி அடித்தால் சுலபமில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. குடிநீர்க் குட்டையில் அந்தப் பேச்சே கூடாது. காட்டெருமை வந்து குடிக்கிற தண்ணீர். கீழே ஊர்கள் குடிக்கிற தண்ணீர். கிளைபோசேட் மருந்தைப் பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழிலாளர்கள் மட்டுமே அடிக்கலாம் என்று 2022இல் மத்திய அரசு கட்டுப்படுத்திவிட்டது. அதை விடுங்கள், அடித்தாலும் செத்த செடி எங்கே போகும்? அடியில் இறங்கி அழுகும், தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்னும், மீன் சாகும். சத்தும் குட்டைக்குள்ளேயே தங்கிவிடும்.

பூச்சியை விட்டுக் கட்டுப்படுத்தும் முறை நிஜமாகவே பலன் கொடுத்த முறை. கேரளத்தில் ‘ஆப்பிரிக்கன் பாயல்’ என்று சபிக்கப்பட்ட சால்வினியாவைத் தின்னும் ஒரு சிறு கூன்வண்டை 1983-84இல் திருச்சூரில் விட்டார்கள். சில ஆண்டுகளில் குட்டநாட்டின் நீர்வழிகள் திறந்துகொண்டன. அதே காலத்தில் பெங்களூரில் ஆகாயத்தாமரையைத் தின்னும் நியோகெடினா கூன்வண்டுகளைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இறக்குமதி செய்து, பல சோதனைக்குப் பிறகு ஏரிகளில் விட்டது. ஹெப்பால் ஏரியில் நான்கே ஆண்டுகளில் பெரும்பகுதி மறைந்தது. ஆனால் அதே பெங்களூரில் கழிவுநீர் கலந்த பெல்லந்தூர் ஏரியை ஆகாயத்தாமரை மூடிக்கொண்டது. கழிவுநீர் நிற்காத இடத்தில் வண்டு தின்பதைவிட வேகமாகச் செடி வளர்கிறது. நம் மலையில் இன்னொரு தடையும் உண்டு. குளிரில் வண்டும் மந்தமாகிவிடும், பெருகாது. ஒரு ஏக்கர் குட்டைக்கு வண்டை நம்புவதைவிடக் கையை நம்புவது நல்லது.

அள்ளி முடித்த பிறகுதான் பலர் கைகழுவிவிடுகிறார்கள். சேற்றில் விழுந்த விதை 15, 20 ஆண்டுவரை முளைக்கும் திறனோடு கிடக்கும். கோடையில் தண்ணீர் இறங்கி, ஓரச் சேற்றில் வெயில் படும்போதுதான் அது முளைக்கும். புல்போல மெல்லிய நாற்று. தெரியாதவர் கண்ணில் படாது. மாசி முதல் ஆடி வரை மாதம் ஒருமுறை யாராவது கரையைச் சுற்றி வந்து நாற்றையும் மிதக்கும் ஒற்றைச் செடிகளையும் பொறுக்கி எடுக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலைக்காம்பின் உப்பலை ஒரு தடவை காட்டிக்கொடுத்தால் போதும், அவர்கள் கண்ணுக்குத் தப்பாது; தண்ணீர்ப் பக்கம் மட்டும் பெரியவர் துணையில்லாமல் விடக் கூடாது. கோவையில் குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் ஞாயிறுதோறும் விடாமல் ஏதாவதொரு குளத்தில் கூடி வேலை செய்துவருகிறார்கள். ஆண்டுக்கொரு தடவை கூட்டம் கூட்டிப் படம் எடுத்துக்கொள்வதைவிட, இப்படி விடாமல் கூடுகிற பத்துப் பேர்தான் நீர்நிலைக்குத் தேவை.

குட்டையின் வெளிப்போக்கிலும் வேலை நடக்கிற நாளெல்லாம் ஒரு நைலான் வலை கட்டியிருக்க வேண்டும். குன்னூர்ச் சரிவின் ஓடைகள் குன்னூர் ஆற்றோடு இறங்கி மேட்டுப்பாளையத்துக்கு அருகே பவானியில் சேர்கின்றன. நம் குளிரில் மெதுவாக வளர்கிற செடிக்கு அங்கே பவானிசாகரிலும் காலிங்கராயன் வாய்க்காலிலும் அதற்குப் பிடித்த வெப்பம் காத்திருக்கிறது. அந்த வாய்க்காலில் ஏற்கெனவே ஆகாயத்தாமரை அடைத்து ஈரோட்டு விவசாயிகள் தவிக்கிறார்கள். வலையில் சிக்கியதை மாலையில் எடுத்துக் குவியலோடு சேர்த்துவிட்டு, கிழிசல் இருக்கிறதா என்று பார்த்து, மறுநாள் வேலை தொடங்குமுன் மறுபடி கட்டுங்கள்.